படத்தில் ஹால் பெரிசு, நேரில் கால் நீட்ட இடமில்லை

வாசகர் கேள்வி - பதில்: கோடை விடுமுறை வாடகை ஃப்ளாட்

பள்ளிக்கூடம் திறந்த கையோடு வந்த கடிதங்களில் பாதி, சுற்றிய ஊரைப் பற்றி அல்ல, தங்கிய வீட்டைப் பற்றித்தான் பேசுகின்றன. பெரும்பாலும் பெங்களூரு, கொஞ்சம் மைசூரு, ஒன்று சிங்கப்பூர். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, எழுதியவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

பெரியவர்கள் நாலு, பிள்ளைகள் இரண்டு. பெங்களூருவில் "ஆறு பேர் தாராளமாகத் தங்கலாம்" என்று போட்டிருந்த இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டை மூன்று இரவுக்கு எடுத்தோம். படத்தில் ஹால் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. நேரில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் ஒரு பாய் விரித்தால் வழி அடைத்துப்போகிறது. படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?
- வாசகி, சேலம்

முடியும். தரையை எண்ணுங்கள். இப்போதுள்ள ஃப்ளாட்களில் ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் பெரும்பாலும் 2 அடிக்கு 2 அடி விட்ரிஃபைட் டைல்ஸ்தான் போடுகிறார்கள். சுவரிலிருந்து சுவர்வரை ஐந்து டைல் என்றால் அகலம் 10 அடி. கேமரா எவ்வளவு விரித்துக் காட்டினாலும் டைல் எண்ணிக்கை மாறாது. புதுக் கட்டடங்களில் 2-க்கு 4 அடி டைலும் உண்டு, அது நீளவாக்கில் தெரியும். தரை தெரியாதபடி கார்ப்பெட் விரித்துப் படம் எடுத்திருந்தால் கட்டிலை வைத்துக் கணக்குப் போடுங்கள். கிங் சைஸ் மெத்தை 6 அடி அகலம், ஆறரை அடி நீளம். குவீன் 5 அடி அகலம். பத்தடி அகல அறையில் கிங் கட்டில் போட்டால் மிச்சம் 4 அடி. அதில் 3 அடி மெத்தை ஒன்று விரித்தால் நடக்க ஓரடிதான். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்திருப்பவர் யார் காலையாவது மிதிப்பார்.

அகன்ற லென்ஸில் எடுத்த படத்துக்கு இன்னொரு அடையாளம்: ஓரத்தில் இருக்கும் பொருள் இழுபட்டிருக்கும். வட்டமான சுவர்க் கடிகாரம் முட்டை வடிவில் தெரியும், சோபாவின் கிட்டப் பக்கக் கை இரண்டு மடங்கு நீண்டிருக்கும், கதவு நிலை சாய்ந்திருக்கும்.

எது படத்தில் இல்லை என்பதையும் பாருங்கள். பாத்ரூம் படமே இல்லாவிட்டால், அல்லது வாஷ்பேசினும் மடித்த டவலும் மட்டும் இருந்தால், கேட்டு வாங்குங்கள். ஜன்னலைத் திறந்துவைத்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை என்றால், ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடச் சுவர் இருக்க வாய்ப்பு அதிகம். சமையலறையில் மேடை மட்டும் தெரிந்து அடுப்பு தெரியாவிட்டால் அடுப்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

"ஆறு பேர்" என்பதற்கு வீட்டுக்காரர் வைத்திருக்கும் கணக்கு வேறு. இரண்டு கட்டிலில் நாலு பேர், மிச்ச இரண்டு பேர் ஹாலில் சோபாவில் அல்லது தரை மெத்தையில். ஏசி பெட்ரூமில் மட்டும் இருக்கும். ஆகவே எத்தனை பேர் தங்கலாம் என்று கேட்காதீர்கள். எத்தனை கட்டில், ஒவ்வொன்றும் எந்த அளவு, கூடுதல் மெத்தை எத்தனை, எந்தெந்த அறையில் ஏசி என்று கேளுங்கள். கூடவே எத்தனையாவது மாடி, கரண்ட் போனால் ஜெனரேட்டரில் லிஃப்ட் ஓடுமா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, தண்ணீர் 24 மணி நேரமும் வருமா என்பதையும். எல்லாவற்றையும் ஃப்ளாட்டை முன்பதிவு செய்யும் செயலியின் சாட்டிலேயே கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்க வேண்டியதன் அருமை அடுத்த கடிதத்தில் தெரியும்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெங்களூரு என்று போட்டிருந்தாலும் ஒயிட்ஃபீல்டும் எலெக்ட்ரானிக் சிட்டியும் நகர நடுவிலுள்ள மெஜஸ்டிக்கிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். "சிட்டி சென்டர் 30 நிமிடம்" என்பது ராத்திரி பதினோரு மணிக் கணக்கு. மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரமா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. ஒயிட்ஃபீல்டுவரை பர்ப்பிள் லைன் 2023 அக்டோபரிலிருந்து முழுதாக ஓடுகிறது. எலெக்ட்ரானிக் சிட்டி வழியாகச் செல்லும் யெல்லோ லைன் 2025 ஆகஸ்டில் திறந்தது, ஆர்.வி. ரோடில் இறங்கி கிரீன் லைன் மாறினால் லால்பாக், மெஜஸ்டிக். சேலம், கிருஷ்ணகிரி பக்கமிருந்து ஓசூர் வழியாகப் பஸ்ஸில் வருபவர்களுக்கு எலெக்ட்ரானிக் சிட்டி வழியிலேயே வந்துவிடும். அங்கே ஸ்டேஷனை ஒட்டிய ஃப்ளாட் கிடைத்தால், நகர நடுவில் சந்துக்குள் இருக்கும் ஃப்ளாட்டைவிட மேல்.

ஏசி குளிரவில்லை, பெட்ஷீட்டில் கறை, பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கேர்டேக்கரிடம் சொன்னால் "ஓனர் வெளியூரில் இருக்கார், நாளைக்கு ஆள் வரும்" என்றே நான்கு இரவையும் ஓட்டிவிட்டார். ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்துப் பணத்தைத் திருப்பிக் கேட்டால் செயலி நிறுவனம் "புகாருக்கான காலம் முடிந்தது" என்கிறது. கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாமா?
- வாசகர், திருச்சி

போகலாம். ஆனால் நான்கு இரவும் தங்கி, எழுத்தில் ஒரு வரிகூடப் புகார் செய்யாமல் திரும்பியது உங்கள் பக்கத்தைப் பாதி பலவீனமாக்கிவிட்டது. எதிர்த்தரப்பு முதலில் கேட்கப்போவது, "இவ்வளவு மோசம் என்றால் ஏன் தங்கினீர்கள்?" என்பதைத்தான். குழந்தை குட்டிகளோடு சீசனில் வேறு இடம் கிடைக்கவில்லை என்பது நியாயமான பதில். அதற்கும் சான்று வேண்டும்.

அடுத்த முறை எடுப்பவர்களுக்காக, கதவைத் திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் செய்யவேண்டியது: பெட்டிகளை ஹாலிலேயே வையுங்கள், ஒன்றையும் பிரிக்கவேண்டாம். ஒருவர் வாசலில் கதவு எண்ணிலிருந்து தொடங்கி, நிறுத்தாமல், வெட்டாமல் ஒரே வீடியோவாக எல்லா அறைகளையும் எடுக்கட்டும். பெட்ஷீட்டைத் தூக்கி மெத்தை, தலையணை, ஃபிரிட்ஜின் உள்பக்கம், ஒவ்வொரு குழாயும் திறந்தபடி, ஃபிளஷ், கீசர் விளக்கு எரிவது, ஏற்கெனவே உடைந்திருக்கும் பொருள்கள் எல்லாம் அதில் வரவேண்டும். ஏசியைப் போட்டுவிட்டு அரை மணி கழித்து இன்னொரு சின்ன வீடியோ. வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி போதாது. அதில் தரம் குறையும், எடுத்த தேதி நேர விவரமும் போய்விடும். போனில் உள்ள மூலக் கோப்பை அழிக்காமல் வையுங்கள்.

பிறகு செயலியின் சாட்டில் இப்படி எழுதுங்கள்: "இன்று மதியம் 2.40-க்கு உள்ளே வந்தோம். பெரிய பெட்ரூம் ஏசி அரை மணி ஓடியும் குளிரவில்லை. விளம்பரத்தில் இரண்டு அறையிலும் ஏசி என்று உள்ளது. மாலை 5 மணிக்குள் சரிசெய்யுங்கள், இல்லையேல் வேறு ஃப்ளாட் அல்லது முழுத் தொகை." குறை, விளம்பரத்தில் சொன்னது, கெடு, நீங்கள் கேட்பது, இந்த நான்கும் இருந்தால் போதும். "ரொம்ப மோசமான அனுபவம்" என்று எழுதுவதால் ஒன்றும் ஆகாது. ஓனர் போனில் கூப்பிட்டுச் சமாதானம் சொன்னால், வைத்தவுடன் "இப்போது நீங்கள் போனில் சொன்னபடி நாளை காலை 10-க்கு மெக்கானிக் வருவார்" என்று சாட்டில் போட்டுவிடுங்கள். கெடு தாண்டினால் செயலியின் கஸ்டமர் கேருக்குப் புகார், புகார் எண். இந்தப் புகாருக்கு ஒவ்வொரு செயலியும் ஒரு கெடு வைத்திருக்கிறது, அது மணிக் கணக்கில்தான். வெளியேறுவதென்றால் அன்று படுக்கைக்கு முன் வெளியேறுங்கள்.

இனி உங்கள் விஷயம். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு செயலி நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்கவேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். அவர் விவரம் செயலியின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். கஸ்டமர் கேருக்கு அல்லாமல் அவர் பெயருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். அதோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். நிறுவனத்தோடு பேசித் தீர்க்கிற ஏற்பாடுதான் இது, தீர்ப்பு சொல்லாது. இருந்தும் சிறு தொகைகள் பல இங்கேயே முடிந்துவிடும்.

அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தில் உங்களுக்குச் சாதகமானது ஒன்று உண்டு. ஃப்ளாட் பெங்களூருவில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் திருச்சியிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய்வரை கொடுத்து வாங்கிய சேவைக்கு வழக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை நடந்த நாளிலிருந்து இரண்டு வருட அவகாசம், வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். ஃப்ளாட்காரரையும் செயலி நிறுவனத்தையும் இருவரையுமே எதிர்த்தரப்பாகச் சேருங்கள். விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், புகார் போனதும் அதை மாற்றிவிடுவார்கள்.

எவ்வளவு கேட்பது? தங்கியிருக்கிறீர்கள், ஆகவே முழு வாடகையையும் கேட்டால் எடுபடாது. ஏசி இல்லாத அறைக்கான பங்கு, கூடுதலாக ஆன செலவு, அதற்கு மேல் நியாயமான ஒரு நஷ்டஈடு. மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் என்று எழுதினால் நியாயமான பகுதியும் சேர்ந்து அடிபடும்.

உள்ளே நுழைந்ததுமே சாக்கடை நாற்றம். பாத்ரூமைக் கழுவி, ஊதுபத்தி ஏற்றி, ஸ்பிரே அடித்தும் போகவில்லை.
- வாசகி, மதுரை

ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியிருந்தால் அநேகமாகப் பத்தே நிமிடத்தில் போயிருக்கும். தரை ஜாலிக்குக் கீழே ஒரு வளைவு உண்டு. அதில் சுமார் 2 அங்குலத் தண்ணீர் எப்போதும் தேங்கி நின்று, கீழ்க் குழாயின் காற்று மேலே வராமல் அடைக்கும். ஃப்ளாட் சில வாரம் பூட்டிக் கிடந்தால், அதுவும் மே மாத வெயிலில், அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடும். நாற்றமும் வரும், கரப்பானும் வரும். பாத்ரூம் தரையோடு நிறுத்தாமல் வாஷ்பேசின், சிங்க், பால்கனி, வாஷிங் மெஷின் மூலை என்று எல்லா ஓட்டையிலும் ஊற்றுங்கள். யாரும் பயன்படுத்தாத இரண்டாவது பாத்ரூம்தான் பெரும்பாலும் குற்றவாளி.

ஊற்றி ஒரு மணி நேரத்தில் மறுபடி நாற்றம் வந்தால், வளைவே இல்லை அல்லது உடைந்திருக்கிறது. வாஷிங் மெஷின் குழாய் சொருகும் இடத்தில் சுற்றிலும் இடைவெளி இருந்தால் பிளாஸ்டிக் பையைச் சுருட்டி அடையுங்கள். தரை ஜாலி மேல் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பை ஒன்றை ராத்திரி மட்டும் வைத்தால் விடியும்வரை தாங்கும்.

ஏசி எட்டு மணி நேரம் ஓடியும் வேர்வை. இண்டக்ஷன் அடுப்பைப் போட்டால் கரண்ட் ட்ரிப். கீசரில் இரண்டு பேர் குளித்தால் மூன்றாவது ஆளுக்குப் பச்சைத் தண்ணீர். இது ஒரே கோளாறா, மூன்றா?
- வாசகர், கோவை

மூன்று.

ஏசியில் முதலில் ரிமோட்டைப் பாருங்கள். நட்சத்திரம் மாதிரியான பனிச்செதில் படம் இருக்கவேண்டும். முந்தைய ஆள் ஃபேன் மோடிலோ டிரை மோடிலோ விட்டுப் போயிருப்பது சர்வசாதாரணம். அடுத்து ஃபில்டர். ஏசியை மெயின் சுவிட்சில் நிறுத்தி, முன்மூடியைத் தூக்கினால் இரண்டு வலைகள் இருக்கும். லேசாக மேலே தள்ளிக் கீழே இழுத்தால் வந்துவிடும். குழாயடியில் பின்பக்கமிருந்து தண்ணீர் விட்டுக் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். வாடகை ஃப்ளாட் ஏசிகளில் அந்த வலை போர்வை மாதிரி தூசி படிந்து கிடக்கும். இதற்கு மெக்கானிக் வேண்டாம், இருபது நிமிட வேலை. பிறகும் குளிரவில்லை என்றால் வெளி யூனிட்டின் விசிறி சுற்றுகிறதா பாருங்கள். போட்டு மூன்று நான்கு நிமிடம் கழித்துத்தான் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும், அதுவரை பொறுங்கள். விசிறி சுற்றியும் குளிர் இல்லை, அல்லது உள்ளே குழாயில் ஐஸ் கட்டுகிறது என்றால் கேஸ் குறைவாக இருக்கலாம். அது ஓனர் வேலை. 120 சதுர அடிக்கு 1 டன், 180-க்கு ஒன்றரை டன் என்பது பொதுக் கணக்கு. மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள அறைக்கு இது போதாது. மே மாதத்துக்குக் கடைசி மாடி ஃப்ளாட்டை எடுக்காதீர்கள், காட்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

இண்டக்ஷன் 2,000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். மேடைமேல் உள்ள சின்ன பிளக் 6 ஆம்பியருக்கானது. அதில் மல்டி பிளக் வைத்துச் சொருகினால் ட்ரிப் ஆவது நல்லது, ஆகாவிட்டால் பிளக் உருகும். பெரிய ஓட்டையுள்ள 16 ஆம்பியர் பிளக்கில் மட்டும் போடுங்கள். ஏசி, கீசர், இண்டக்ஷன் மூன்றையும் சேர்த்து ஓட்டினால் ஐந்தரை கிலோவாட். பல ஃப்ளாட்களில் மொத்த லோடே 3 கிலோவாட்தான். காலையில் ஏசியை நிறுத்திவிட்டு கீசர், அது முடிந்து அடுப்பு என்று வரிசை வையுங்கள்.

கீசர் கோளாறே இல்லை. 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் 25 டிகிரித் தண்ணீரை 60-க்குக் கொண்டுவர 18 நிமிடம் எடுக்கும். விளாவினால் அது சுமார் 35 லிட்டர், அதாவது இரண்டு வாளி. ஆறு பேர் என்றால் மூன்று தடவை, ஒரு மணி நேரம். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் என்றால் காத்திருக்கவேண்டாம், ஆனால் ஒரு வாளி வெந்நீர் நிரம்ப ஆறேழு நிமிடம் ஆகும், குழாயைச் சின்னதாகத் திறந்துவைக்கவேண்டும்.

துவரம்பருப்பு ஏழு விசில் விட்டும் வேகவில்லை. பழைய பருப்பைக் கொண்டுபோய்விட்டேன் என்று மாமியார் ஊருக்கு வந்தும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.
- வாசகி, திருநெல்வேலி

மாமியாரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். தப்பு தண்ணீரில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பெங்களூருவின் பல ஃப்ளாட்களில் குழாயில் வருவது போர்வெல் அல்லது டேங்கர் தண்ணீர். அதில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். அவை பருப்பின் தோல், சதைப் பகுதியில் உள்ள பெக்டினோடு பிணைந்து அதை இறுக்கிவிடும், எத்தனை விசில் விட்டாலும் உள்ளே கல்லாகவே இருக்கும். குழாய் முனையில் வெள்ளைப் படிவும், சோப்பு நுரைக்காததும் இதே தண்ணீரின் அடையாளங்கள். சமையலுக்குக் கேன் தண்ணீரையே எடுங்கள். பருப்பை அரை மணி ஊறவைத்து, மஞ்சள்தூளும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் சேர்த்து வேகவிடுங்கள். உப்பும் புளியும் வெந்த பிறகுதான். வேறு வழியில்லாமல் குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு சிட்டிகை சமையல் சோடா, அதற்கு மேல் போட்டால் வாசனை மாறும். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கருக்கு இது பெரிய விஷயமில்லை, திறந்த பாத்திரத்தில் சாதம் வடிப்பவர்கள் கொஞ்சம் கூடுதல் நேரம் விடவேண்டும்.

"சமையலறை வசதி உண்டு" என்பதை நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள். இரண்டு தட்டு, பூச்சு உரிந்த ஒரு தவா, மூடியில்லாத ஒரு பாத்திரம், இதுவும் வசதிதான் அவர்கள் அகராதியில். பையில் மூன்று லிட்டர் குக்கர் (அடி தட்டையான, இண்டக்ஷனில் வேலை செய்கிற ஸ்டீல் குக்கர், அலுமினியமும் பித்தளையும் இண்டக்ஷனில் சூடாகாது), ஒரு கத்தி, காபி ஃபில்டர், கரண்டி இரண்டு, பிடிதுணி, லைட்டர். இதற்கு மேல் சுமந்தால் அது விடுமுறை இல்லை, குடிபோவது.

இரண்டாம் நாள் காலை பையன் கையில் வரிசையாகத் தடிப்பு. கொசு என்று விட்டுவிட்டோம். இப்போது எங்கள் வீட்டுக் கட்டிலில் மூட்டைப்பூச்சி.
- வாசகர், விழுப்புரம்

கொசு கண்ட இடத்தில் கடிக்கும். வரிசையாகவோ கொத்தாகவோ இருந்தால் மூட்டைப்பூச்சியைச் சந்தேகப்படுங்கள். சிலருக்குத் தடிப்பு சில நாள் கழித்துத்தான் தெரியும். அதனால் படுப்பதற்கு முன் பார்ப்பதுதான் சரி. மெத்தையின் நான்கு மூலைத் தையல், கட்டிலின் தலைப்பலகைப் பின்பக்கம், பலகை இணையும் ஆணி ஓட்டைகள். போன் டார்ச்சில் மிளகுத்தூள் சிந்தியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். பார்த்து முடிக்கும்வரை பெட்டி பாத்ரூம் டைல்ஸ் தரையில் இருக்கட்டும், கட்டில்மேலோ சோபாமேலோ வேண்டாம்.

உங்கள் வீட்டில் இப்போது: அந்தக் கட்டிலின் துணி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி நேராக வாஷிங் மெஷினுக்கு, 60 டிகிரி வெந்நீர் ஓட்டம். வெந்நீர் தாங்காத துணிக்கு இஸ்திரிப் பெட்டியைத் தையல்மேல் மெதுவாக ஓட்டுங்கள். பூச்சியும் முட்டையும் 50 டிகிரிக்கு மேல் நீடித்த சூட்டில்தான் சாகும். அந்துருண்டையால் பயனில்லை. மொட்டை மாடி வெயிலில் மெத்தையைப் போட்டால் மேல்பக்கம் சுடும், பூச்சி அடிப்பக்கம் போய்க்கொள்ளும். பயணப் பெட்டியின் ஜிப் மடிப்பையும் உள்துணியையும் மறக்காதீர்கள், வீட்டுக்கு வந்தது அதில்தான். கட்டிலைக் கழற்றி இணைப்புகளில் கொதிக்கும் தண்ணீர் விடலாம், மரம் பரவாயில்லை என்றால். இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கள். ஒரே தடவை மருந்தடித்துவிட்டுப் போகிறேன் என்பவரை வேண்டாம் என்று சொல்லுங்கள், பொரியும் முட்டைகளுக்கு மறுபடி வரவேண்டும்.

மைசூருவில் பாத்ரூமுக்குள்ளேயே கேஸ் கீசர். கதவைச் சாத்திக் குழந்தையைக் குளிப்பாட்டிய மனைவிக்குத் தலைசுற்றல், குமட்டல். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. பயணக் களைப்பா?
- வாசகர், வேலூர்

களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். மூடிய பாத்ரூமில் கேஸ் எரியும்போது ஆக்சிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சிலிண்டர் கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியும், இது தெரியாது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அடுத்தது மயக்கம். தாழ்ப்பாள் போட்டிருந்தால் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் உள்ள வீட்டை எடுக்காதீர்கள். முன்பணம் போனாலும் பரவாயில்லை. கீசர் பால்கனியிலோ வெளிச்சுவரிலோ இருந்து, குழாய் மட்டும் உள்ளே வந்தால் சரி. மாட்டிக்கொண்டீர்கள் என்றால், வாளியை நிரப்பிக் கீசரை அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்து பத்து நிமிடம் விட்டபின் உள்ளே போங்கள். யாராவது மயங்கினால் முதலில் வெளிக்காற்றுக்கு இழுத்து வாருங்கள், பிறகு 108. ஆஸ்பத்திரியில் "கேஸ் கீசர்" என்ற வார்த்தையை வாய்விட்டுச் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த விஷத்தைப் பிரித்துக் காட்டாது, அளவு நன்றாக இருப்பதுபோலவே காட்டும். சிலிண்டர் கசிவு என்றால் 1906.

கரண்ட் தனி என்று நான்கு இரவுக்கு 3,800 ரூபாய் வாங்கினார்கள். யூனிட் 15 ரூபாயாம்.
- வாசகி, புதுச்சேரி

அப்படியானால் 253 யூனிட். ஒன்றரை டன் ஏசி மணிக்கு அதிகபட்சம் ஒன்றரை யூனிட் என்று தாராளமாக வைத்தாலும், இரண்டு ஏசி, இரவுக்கு எட்டு மணி, நான்கு இரவு சேர்த்து 96 யூனிட். கீசர், ஃபிரிட்ஜ், அடுப்புக்கு இன்னும் 40 போடுங்கள். சுமார் 2,000 ரூபாய்தான் வரவேண்டும். பகலிலும் ஏசி ஓடியிருந்தால் ஒழிய கணக்கு இடிக்கிறது. வந்தவுடனும் கிளம்பும்போதும் மீட்டரைப் படம் எடுங்கள், திரையில் மாறி மாறி வரும் எண்களில் கிலோவாட் மணி என்று காட்டுவதை. அந்த மீட்டர் உங்கள் ஃப்ளாட்டுடையதுதானா என்பதையும் பாருங்கள். உள்ளே மெயினை அணைத்தால் மீட்டரின் சிவப்பு விளக்கு மின்னுவது நிற்கவேண்டும். நிற்காவிட்டால் வேறு யார் வீட்டு மோட்டாரோ உங்கள் கணக்கில் ஓடுகிறது.

அடுத்த வருடம் சிங்கப்பூர், பத்து நாள். லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கம், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் தன் வீவக வீட்டை (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடு) நாளுக்கு 90 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) தருவதாகச் சொல்கிறார். ஹோட்டலைவிட மலிவு. எடுக்கலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

வேண்டாம். வீவக வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடமுடியாது, சுற்றுலாப் பயணிகளுக்கு விடவே கூடாது. தனியார் கூட்டுரிமை வீடுகளுக்கும் (காண்டோ) குறைந்தது மூன்று மாதம். சட்டத்தை ஏட்டோடு விடுகிற ஊரில்லை அது. இப்படிக் குறுகிய காலத்துக்கு விட்ட இருவருக்கு 2018-இல் தலா 60,000 வெள்ளி அபராதம் போட்டார்கள். தண்டனை விடுபவருக்குத்தான் என்றாலும், பக்கத்து வீட்டார் புகார் செய்து நடு ராத்திரியில் பெட்டியோடு கீழே நிற்கப்போவது நீங்கள். சிங்கப்பூருக்குள் நுழையுமுன் மூன்று நாளுக்குள் நிரப்பவேண்டிய வருகை அட்டையில் தங்குமிட முகவரியும் கேட்பார்கள். "அண்ணன் வீடுன்னு போடுங்க" என்று அவர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் வீட்டில் காசு கொடுக்காமல் விருந்தாளியாகத் தங்குவது வேறு விஷயம், அதற்குத் தடையில்லை.

சமையலறை வேண்டும் என்றால் உரிமம் பெற்ற சர்வீஸ் அபார்ட்மெண்ட். அதற்குக் குறைந்தது ஏழு நாள், உங்கள் பத்து நாளுக்குப் பொருந்தும். சமையல் வேண்டாம் என்றால் ஃபேரர் பார்க், லிட்டில் இந்தியா ஸ்டேஷன்களை ஒட்டிய ஹோட்டல். முன்பதிவில் பிள்ளைகளையும் சேர்த்துத் தலைக்கணக்கைச் சரியாகப் போடுங்கள். பிளக் மூன்று பட்டைக் காலுள்ள பிரிட்டிஷ் வகை, அடாப்டர் இரண்டு கொண்டுபோங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். பருப்பும் வேகும்.

கேட்டில் செக்யூரிட்டி கேட்டால் "ஓனரோட சொந்தக்காரங்க" என்று சொல்லச் சொன்னார்கள். சொல்லலாமா?
- வாசகி, ஈரோடு

சொல்லாதீர்கள். குடியிருப்போர் சங்கம் குறுகிய கால வாடகையைத் தடை செய்திருக்கிறது என்பதற்கு இதைவிட அடையாளம் வேண்டாம். பொய் என்று தெரிந்தால் லிஃப்ட் அட்டையை முடக்குவார்கள், ஓனர் போனை எடுக்கமாட்டார். அந்த வாட்ஸ்அப் செய்தியைப் பத்திரமாக வையுங்கள், செயலியில் முழுப் பணத்தைக் கேட்க அது ஒன்றே போதும்.

அறை எடுக்கும்போது எல்லோருடைய ஆதார் நகலையும் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள்.
- வாசகர், நாகர்கோவில்

கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை யுஐடிஏஐ தளத்திலிருந்து இறக்கி அனுப்புங்கள். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டையும் அடையாளத்துக்குப் போதும். செயலிக்கு வெளியே ஜிபேயில் அட்வான்ஸ் போடச் சொன்னால் போடாதீர்கள். போட்டபின் போன் அணைந்துவிட்டால் அன்றே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே, சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.